மாடிக்குப் போன சீட்

ஜூன் 9, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்து முழுசாக ஒரு வாரம் ஆகவில்லை, அதற்குள் சுற்றறிக்கை அனுப்பிவிட்டார்கள். எட்டாம் வகுப்பில் இந்த வருடம் புதிதாகத் 'துரிதக் கணிதப் பிரிவு' வருகிறதாம். எட்டாவது கணக்கையும் ஒன்பதாவது கணக்கையும் ஒரே வருடத்தில் முடித்துப் பிள்ளைகளை எங்கேயோ கொண்டுபோகப் போகிறார்களாம். எங்கே என்று எழுதவில்லை. இருபத்துநாலு பேருக்குத்தான் இடம். வெள்ளிக்கிழமை தேர்வு.

எங்கள் வீட்டில் எட்டாவது படிக்கிற பிள்ளைகள் இரண்டு. கீழே என் மகள் கனிஷ்கா, மாடியில் பரிமளா அக்காவின் மகன் நிதர்ஷன். அக்கா என்றால் என்னோடு பிறந்தவர் இல்லை. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து பொள்ளாச்சியில் பெயின்ட் கடை வைத்திருக்கிறார்கள். கடை ஒன்று, வீடு ஒன்று, சமையலறை மட்டும் இரண்டு. அதனால்தான் இத்தனை வருடம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த வீட்டில் எது வாங்கினாலும் இரண்டாகத்தான் வாங்குவோம். தீபாவளிக்கு எனக்கும் அக்காவுக்கும் ஒரே விலையில் புடவை. பையனுக்கு சைக்கிள் என்றால் பாப்பாவுக்கும் அதே சைக்கிள், நிறம்கூட மாறாது. மூன்றாவது படிக்கும்போது கனிஷ்காவுக்குப் பார்வை குறைந்து கண்ணாடி போட்டோம். அந்த வாரமே அக்கா நிதர்ஷனைக் கூட்டிக்கொண்டு போய், பவர் இல்லாத வெறும் கண்ணாடி ஒன்றை வாங்கி மாட்டிவிட்டார். என் மகளுக்கு ஒன்று கிடைத்தால் அவர் மகனுக்கும் கிடைத்தாக வேண்டும், அது பார்வைக் குறைவாக இருந்தாலும் சரி. நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் எப்போதுமே ஒன்றும் சொல்வதில்லை.

ஜூன் 13, வெள்ளி

தேர்வு முடிந்தது. கூட்டி வரப் போயிருந்தேன். கனிஷ்கா ஏதோ சினிமா பார்த்துவிட்டு வருகிறவள் மாதிரி வந்தாள். "நெம்ப நல்லா இருந்துச்சும்மா! கடைசிக் கணக்கு மட்டும் அரை மணி நேரம் என்னைய விடவே இல்ல. எனக்கு அந்தக் கிளாஸ் வேணும்மா" என்றாள். இந்தப் பெண் எதையும் வேண்டும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்பதற்கு முன்னாலேயே நிதர்ஷனுக்கு வாங்கும்போது அவளுக்கும் வந்துவிடும்.

நிதர்ஷனிடம் எப்படி எழுதினாய் என்று கேட்டேன். "கடைசிப் பக்கம் ஒண்ணு இருந்துச்சுன்னு வெளிய வந்துதான் தெரிஞ்சுது சித்தி" என்றான். வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தோம். அவனும்தான்.

ராத்திரிக்குச் சோளதோசை, பூண்டுச் சட்னி.

ஜூன் 18, புதன்

மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது பள்ளிக்கூட ஆப்பில் செய்தி வந்தது. கனிஷ்காவுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஒன்பதாவது இடம்! கிரைண்டரை நிறுத்தாமல் அப்படியே கையை உதறிக்கொண்டு இரண்டு சுற்று சுற்றினேன். கீழேயே 'சம்மதம்', 'சம்மதமில்லை' என்று இரண்டு பொத்தான் இருந்தன. வெள்ளிக்கிழமைக்குள் அழுத்த வேண்டுமாம்.

சம்மதத்தை அழுத்தப் போகும்போதுதான் மாடியிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "ஒரு பக்கத்தையே திருப்பிப் பாக்காத வந்திருக்கறான் பாருங்க! காத்திருப்புப் பட்டியலாமா! மொத ஆளாமா! அதுல என்ன பெருமை வேண்டிக் கெடக்குது!" அப்புறம் எதுவோ கீழே விழுந்தது. எவர்சில்வர்.

பத்து நிமிடத்தில் அக்கா கீழே வந்தார். கண் சிவந்திருந்தது. "உனக்கு மெசேஜ் வந்துச்சா கோகிலா?"

"இன்னும் வரலீங்க்கா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் தானாகச் சொன்னது.

அக்கா என் மாவை ஒரு கரண்டி எடுத்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் ஆடோணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூன் 19, வியாழன்

நன்றாக யோசித்துப் பார்த்தேன். ஒரு கணக்கு வகுப்பு. அது இல்லாமல் பிள்ளைகள் படிக்கவே இல்லையா? என் மகள் அந்த வகுப்புக்கும் அவர் மகன் இந்த வகுப்புக்கும் போனால், தினமும் சாயங்காலம் அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டியவள் நான். ஒரே மாதிரி சைக்கிளில் சேர்ந்து போகிற பிள்ளைகளை ஏன் பிரிக்க வேண்டும்? பெரிய மனசு என்று ஒன்று யாருக்காவது இருந்துதான் ஆக வேண்டும்.

சம்மதமில்லை என்பதை அழுத்திவிட்டேன். மனசு லேசாக இருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

கனிஷ்காவிடம், "கெடைக்கல கண்ணு, போனா போகுது" என்றேன். எத்தனை மார்க் என்று கேட்டாள். மார்க் போடவில்லை என்றேன். கடைசிக் கணக்கு சரியா என்று கேட்டாள். அதெல்லாம் போடவில்லை என்றேன்.

"சரிம்மா" என்று சொல்லிவிட்டுக் கொடியில் கிடந்த துணியை எல்லாம் எடுத்து வந்து, ஒவ்வொன்றாக மடித்து அடுக்கிவைத்தாள். நான் சொல்லாமலே. என் ரவிக்கையைக்கூட நாலாக மடித்து வைத்திருந்தாள். பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது.

இவரிடமும் அதையே சொன்னேன். "அட, அந்தக் கிளாசுல படிச்சவங்கதான் பெயின்ட் கடை வெச்சிருக்கறாங்களா? விடு" என்று சிரித்தார். கடையிலிருந்து வரும்போது அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கி வந்தார். இரண்டு வாங்கி, ஒன்றை மாடிக்குக் கொடுத்தனுப்பினார்.

ஜூன் 23, திங்கள்

சாயங்காலம் அக்கா மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தார். கையில் தட்டு, தட்டில் சூடாக ஒப்புட்டு, பருப்புப் போளி.

"கோகிலா! யாரோ ஒருத்தர் வேண்டாம்னுட்டாங்களாமா! காத்திருப்புல மொத ஆளு நம்ம பையன்தானே, அவனுக்கு வந்துருச்சு! எந்தப் புண்ணியவதியோ தெரியல, அவ புள்ளகுட்டி நல்லா இருக்கோணும்!"

அந்தப் புண்ணியவதி ஒப்புட்டை வாங்கிக்கொண்டாள். வேறு என்ன செய்ய? மூன்று தின்றேன். ருசியே தெரியவில்லை. நெய் பற்றவில்லை போலிருக்கிறது.

கனிஷ்கா கை தட்டினாள். "டேய், கடைசிப் பக்கம் பாக்காமலே வந்துட்டியேடா! பாத்திருந்தா ஸ்கூலையே எழுதிக் குடுத்திருப்பாங்க" என்று நிதர்ஷனின் முதுகில் ஒரு அறை வைத்தாள். அப்புறம் எட்டு மணிக்கே தூங்கப் போய்விட்டாள்.

ஜூன் 24, செவ்வாய்

காத்திருப்பில் முதல் ஆள் அவன்தான் என்று புதன்கிழமையே என் காதில் விழுந்தது. காதில் விழுந்ததைக் கணக்கில் சேர்க்கத் தெரியவில்லை. நான் எந்தப் பிரிவிலும் சேர லாயக்கில்லாதவள்.

ஜூலை 1, செவ்வாய்

ஒரு வாரமாக நிதர்ஷன் புத்தகப் பையோடு கீழே இறங்கி வருகிறான். துரிதப் பிரிவின் வீட்டுப்பாடம் அவன் தலைக்கு மேல் போகிறது. மாடிப்படியில் இரண்டும் உட்கார்ந்துகொள்கின்றன. ஒருத்தன் கேட்க, ஒருத்தி சொல்ல, நான் குழம்பைக் கிளறுகிற சாக்கில் காதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்றைக்கு ஒரு கணக்கு. ஒரு எண்ணோடு அதன் பாதியைக் கூட்டினால் முப்பத்தாறு. அந்த எண் என்ன? நிதர்ஷன் எக்ஸ் போட்டு, அதை இரண்டால் வகுத்து, ரப்பரால் அழித்து, தாளைக் கிழித்துவிட்டான்.

"எக்ஸை அக்கட்டால தள்ளி வெய்யி" என்றாள் கனிஷ்கா. "ஒரு எண்ணுல ரெண்டு பாதி இருக்குது. இன்னொரு பாதி சேந்தா மூணு பாதி. மூணு பாதி சேந்து முப்பத்தாறு. அப்ப ஒரு பாதி எவ்வளவு?"

"பன்னெண்டு."

"அப்ப முழுசு?"

அவன் இருபத்துநாலு என்று கத்தினான். அவள் சிரித்தாள். இந்தச் சிரிப்பை நான் பத்து நாளாகப் பார்க்கவில்லை. அடுத்த கணக்கை அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். பசித்தவள் கையில் தட்டைக் கொடுத்த மாதிரி இருந்தது.

குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அடுப்பை அதிகமாக வைத்துவிட்டேன் போலிருக்கிறது.

ஜூலை 7, திங்கள்

தண்ணீர் மோட்டார் ரிப்பேர். நல்லதாகப் போயிற்று, வேறு எதையும் நினைக்க நேரமில்லை.

ஜூலை 12, சனி

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் துரிதப் பிரிவுப் பெற்றோருக்கு மட்டும் கூட்டம். அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தவர் மாடிக்குப் போகவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக என் சமையலறைக்கு வந்து நின்றார். நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"கோகிலா, பாப்பாவுக்கு எடம் கெடச்சுதா இல்லையா?"

"அதான் கெடைக்கலைன்னு..."

"கணக்கு ஹெலன் மிஸ் எல்லாரு முன்னாடியும் சொல்றாங்க. ஒம்பதாவதா வந்த புள்ளையோட அம்மா வேண்டாம்னுட்டாங்க, அந்த எடம்தான் உங்க பையனுக்கு வந்துது, நீங்க ஒரே வீடுதானே, உங்களுக்குத் தெரியாதான்னு. நான் திருதிருன்னு முழிச்சுட்டு நிக்கறேன். எதுக்கு அம்மிணி இப்பிடிப் பண்ணுனே?"

கத்தியைக் கீழே வைத்தேன். "வீட்டுல வெசனம் வேண்டாமேன்னுதாங்க்கா. நீங்க சங்கடப்படுவீங்கன்னு..."

"படுவேன். ரெண்டு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டுத்தான் திரிவேன். பொறவு உன்ற புள்ளைக்கு நான்தான் ஒப்புட்டு சுட்டுட்டு வருவேன். அதுக்குன்னு பெத்த புள்ளைய ஏமாத்துவியா? நாலு ஒப்புட்டுச் சேத்து வேற தின்னே! இத்தன வருசமா என்னைய அப்பிடிப்பட்டவன்னா நெனச்சுட்டு இருந்தே?"

எனக்கும் கோபம் வந்தது. மூன்றுதான் தின்றேன் என்று சொல்ல வந்து, வேறொன்றைச் சொல்லிவிட்டேன். "அவளுக்குக் கண்ணாடி போட்டப்பக்கூட நீங்க பையனுக்கு வெறுங் கண்ணாடி வாங்கி மாட்டுனீங்கதானுங்க்கா?"

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். சத்தம் இறங்கிவிட்டது.

"கிளாசுல எல்லாரும் சோடாபுட்டின்னு கூப்புடறாங்கன்னு பாப்பா பொடக்காளில ஒக்காந்து அழுதுட்டு இருந்தா. அம்மாட்டச் சொன்னா 'போனா போகுது'ம்பாங்கன்னு எங்கிட்ட வந்து சொன்னா. ரெண்டு பேரும் போட்டுட்டுப் போனா ஒருத்தியவே கேலி பண்ண மாட்டாங்களேன்னு அவனுக்கு வாங்குனேன். அவனுக்கு மூக்கெல்லாம் புண்ணு. அவளுக்காக மூணு மாசம் போட்டுட்டுத் திரிஞ்சான் என்ற பையன்."

சொல்லிவிட்டு என் மணையில் உட்கார்ந்து மீதிக் கத்தரிக்காயை எடுத்து நறுக்க ஆரம்பித்தார். கோபத்தில் பொடிப்பொடியாக நறுக்கினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன். வெட்கத்தில் அழுதேன். என் மகள் வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் உட்கார்ந்து அழுதது எனக்குத் தெரியாது. நான் ஐந்து வருடமாகச் சின்னப் புத்தி என்று நினைத்து வந்தது அவர் அவளுக்குச் செய்த நல்லது.

"அழுகாச்சி எல்லாம் எங்கிட்ட வேண்டாம். அவகிட்டப் போயிச் சொல்லு" என்றார் அக்கா.

ஜூலை 13, ஞாயிறு

சொல்லிவிட்டேன். எல்லோரும் இருந்தார்கள். அக்கா இருக்கச் சொன்னார், நான் பாதியில் கதையை மாற்றிவிடுவேனாம்.

கனிஷ்காவுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. "ஒம்பதாவதா? நானா? அப்ப அந்தக் கடைசிக் கணக்கு சரிதானா?" முகம் அப்படியே விரிந்தது. அப்புறம் மெதுவாகச் சுருங்கியது.

"நீங்களா வேண்டாம்னீங்க?"

"ஆமா கண்ணு."

"என்னைய ஏம்மா கேக்கல?"

வீட்டு நிம்மதி, பெரியம்மாவின் மனசு, ஒன்றாக சைக்கிளில் போவது என்று மூன்று பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்ட கேள்விக்கு அதில் ஒன்றும் பதில் இல்லை.

அக்கா உடனே, "நிதர்ஷா, நீ எறங்கிக்கோ, அவ போகட்டும்" என்றார். அவன் எழுந்து நின்றுவிட்டான். "நான் எதுக்கு எறங்கோணும்? எனக்கு இப்பத்தான் புரியவே ஆரம்பிச்சிருக்குது!" கனிஷ்காவும், "அவன எதுக்குப் பெரியம்மா எறக்கறீங்க? எனக்கு என்ற எடம் வேணும், அவனுது வேண்டாம்" என்றாள்.

இவர் என்னைத் திட்டவில்லை. "எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமில்ல" என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம்.

கனிஷ்கா என்னோடு பேசவில்லை. உப்பு வேண்டும் என்பதைக்கூட அப்பாவிடம் சொல்லி என்னிடம் கேட்டாள்.

ஜூலை 16, புதன்

ஹெலன் மிஸ்ஸைப் பார்க்க நான், அக்கா, கனிஷ்கா மூவரும் போனோம். அக்கா வழியெல்லாம், "நீ வாயத் தொறக்காதே, உன்ற வாயி செஞ்சது போதும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். போய்ச் சேர்ந்ததும் மிஸ் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "அம்மா, நீங்க சொல்லுங்க, ஏன் வேண்டாம்னு போட்டீங்க?" அக்கா விட்டத்தைப் பார்த்துக்கொண்டார்.

"பயந்துட்டேனுங்க மிஸ்" என்றேன். டைரியில் பெரிய மனசு என்று எழுதியிருக்கிறேன். மிஸ்ஸிடம் அது வாயில் வரவில்லை.

முதல் மாதத்துக்குள் பெற்றோர் மனம் மாறினால், அதுவரை நடத்திய பாடத்தில் ஒரு தேர்வு எழுதிச் சேரலாமாம். ஒரு நாற்காலி கூடுதலாகப் போட்டுக்கொள்வார்களாம். ஆனால் எழுபது சதவீதம் எடுக்க வேண்டும். "பாடம் நடத்தாம எப்பிடிம்மா எழுதுவே?" என்று மிஸ் கேட்டார். "நடத்துனது எல்லாம் எனக்கு வருங் மிஸ்" என்றாள் கனிஷ்கா. உள்ளே கூட்டிப் போனார். நானும் அக்காவும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். பாசத்தில் பிடித்த மாதிரி இல்லை, நகம் பதிந்துவிட்டது.

இருபத்தைந்துக்கு இருபத்துமூன்று!

மிஸ் அங்கேயே கம்ப்யூட்டரில் பெயரைச் சேர்த்தார். "பழைய நம்பர்தானே? மார்க், லீவு, எல்லா மெசேஜும் அம்மா போனுக்குத்தான் வரும்."

"இல்லீங் மிஸ், வேற நம்பர்" என்றாள் கனிஷ்கா. கடகடவென்று பத்து இலக்கம் ஒப்பித்தாள். மிஸ் தட்டினார். அக்காவின் கைப்பைக்குள் 'டிங்' என்றது.

மிஸ் என்னைப் பார்த்தார். நான் சிரித்துவைத்தேன். ஆட்டோவில் ஏறிய பிறகுதான் அழுகை வந்தது. அக்கா முந்தானையைக் கொடுத்து, "தொடச்சுக்கோ. மாடிக்கு வந்து கேட்டுட்டுப் போ, பத்துப் படிதானே" என்றார். அப்புறம் இருவருக்குமே சிரிப்பு வந்துவிட்டது. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

ஜூலை 19, சனி

இன்று கனிஷ்கா நேராக என்னிடமே உப்புக் கேட்டாள்.

ஜூலை 25, வெள்ளி

ஆடி வெள்ளி. கூழ் காய்ச்சினோம். காலையில் இரண்டு சைக்கிளும் ஒன்றாகப் போய் ஒன்றாகத்தான் வருகின்றன. வந்ததும் படியில் உட்கார்ந்து சண்டை. இப்போது யார் சொல்வது சரி என்று சண்டை. முந்தா நாள் நிதர்ஷன் சொன்னதுதான் சரியாக இருந்தது. அக்கா அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். இரண்டு நாள் எனக்குப் பொறாமையில் கொஞ்சம் காந்தியது. காந்தியது என்று அக்காவிடமே சொல்லிவிட்டேன். "அப்பிடி வா வழிக்கு" என்றார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பிரிவில் முதல் தேர்வின் மார்க் இன்று வருகிறது. மத்தியானத்திலிருந்து மூன்று முறை மாடிக்குப் போய்விட்டேன். முதல் முறை கறிவேப்பிலை கேட்டு, இரண்டாவது கடுகு கேட்டு, மூன்றாவது முறை என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றேன்.

அக்கா போனைக் கவிழ்த்துவைத்தார். "வந்துருச்சு. நான் சொல்ல மாட்டேன். அவளே சொல்றாளாமா. எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்கறா."

அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துவிட்டது, நல்ல மார்க் இல்லை.

சாயங்காலம் கனிஷ்கா வந்தாள். கை கால் கழுவினாள். அடுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். நான் தோசைக்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பதினொண்ணும்மா" என்றாள். "முப்பதுக்கு. எல்லாம் ஒம்பதாங் கிளாஸ் பாடம். கிளாஸ்லயே கடைசி. நிதர்ஷன் பதினாறு. நீங்க யாருட்டயோ கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டாம்னுதான் நானே சொல்றேன்."

எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. விட்டுவிடலாம் கண்ணு, பழைய கிளாசுக்கே போய்விடலாம், நான் மிஸ்ஸிடம் பேசுகிறேன், போனா போகுது. எல்லாம் வரிசையாக வந்து நின்றது. வாயைத் திறக்கவும் செய்தேன். தோசையைத் திருப்பிப் போட்டேன், எண்ணெய் விட்டேன், அதற்குள் அதையெல்லாம் விழுங்கிவிட்டேன்.

"நீ என்ன பண்ணலாம்னு இருக்கறே கண்ணு?" என்று கேட்டேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறந்ததிலிருந்து அவளிடம் நான் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை என்று அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"இருங்க, யோசிச்சுச் சொல்றேன்" என்று தட்டை எடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். யோசித்துக்கொண்டே நாலு தோசை தின்றாள். நான் ஒன்றும் சொல்லாமல் ஊற்றிப் போட்டுக்கொண்டே இருந்தேன்.